கரடிக்குக் கித்துள் பாணி, எனக்கு வயிற்றெரிச்சல்

போன மாதம் உங்கள் வனவிலங்குக் காவலர் பயிற்சிக்கு வந்து இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். வந்தேன். நான் வாயெடுக்கும் முன்பே பின்வரிசையிலிருந்து ஒரு தங்கச்சி எழுந்து கேட்டாள்: "ஐயா, காட்டுல எறங்க முன்னுக்கு எல்லாரையும் வரிசையா நிக்க வைக்கிறீங்க. கடைசியா வேலைக்கு வந்தவங்க மொதல்ல பேசணுமாம், மூத்தவங்க கடைசியிலதான் வாயத் தொறக்கணுமாம். எங்களுக்கு ஒரு மண்ணும் தெரியாது. நாங்க என்னத்தச் சொல்றது? இது யாரு கண்டுபிடிச்ச வழக்கம்?"

எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்து மழுப்பினேன். யானையை விரட்டுகிற யானை வெடியைப் பற்ற வைத்தால் கையில் எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்று எதையோ சொல்லிவிட்டு மாத்தளை பஸ்ஸில் ஏறிவிட்டேன். வீட்டுக்கு வந்து மூன்று நாள் சோறு இறங்கவில்லை. அந்த வழக்கம் எந்தச் சுற்றறிக்கையிலும் கிடையாது. அது என்னால் வந்தது. இன்னும் சரியாகச் சொன்னால், என் பொறாமையால் வந்தது. அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் வரவில்லை. அதனால் இப்போது எழுதுகிறேன்.

மிருகத்தின் அடித்தடம் பார்ப்பது, சாணம் பார்ப்பது, கூண்டு வைப்பது எல்லாம் உங்களுக்குச் சொல்லித் தர ஆட்கள் இருக்கிறார்கள். நான் அதையெல்லாம் எழுதப் போவதில்லை.

நான் ரிவர்ஸ்டன் மலைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தவன். பிரஜாவுரிமைக் கடதாசி கைக்கு வந்த பிறகுதான் எனக்கு அரசாங்க வேலைக்கு மனுப் போடவே முடிந்தது. எங்கள் தோட்டத்திலிருந்து காக்கிச் சட்டை போட்ட முதல் ஆள் நான்தான். லீவில் போனால் கங்காணி கூட எழுந்து நின்று "வாங்க தம்பி" என்பார். அந்தத் திமிர் எனக்கு நிறைய இருந்தது. வேலை வில்கமுவப் பக்கம், மகாவலிக் குடியேற்றங்களை ஒட்டிய காட்டில். மிருகம் எங்கே போனது, எங்கே படுத்திருக்கிறது, காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

எங்கள் அதிகாரியை மாத்தயா, அதாவது ஐயா, என்றுதான் கூப்பிடுவோம். சிங்களவர். பெயரை எழுதினால் அவருக்குப் பிடிக்காது, விட்டுவிடுகிறேன். அவர் ஜீப்பை நிறுத்துவார், தொப்பியைச் சரிசெய்வார், பின்னால் திரும்பி என்னைப் பார்த்துச் சிங்களத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "ராசு, ஹுலங்க கொஹொமத?" காற்று எப்படி?

என் இடுப்பில் ஒரு சாம்பல் பை தொங்கும். என் சம்சாரம் பழைய சேலைத் துணியில் தைத்துத் தந்தது. அதில் அடுப்புச் சாம்பலைச் சலித்து நிரப்பி வைத்திருப்பேன். ஒரு தட்டுத் தட்டினால் சாம்பல் பறக்கும். "கிழக்கால இருந்து வருது மாத்தயா" என்பேன். அவ்வளவுதான். அவர் மறுபேச்சில்லாமல் நடப்பார், ஏழெட்டுப் பேர் அவர் பின்னால் நடப்பார்கள். காற்றுக்கு எதிராகப் போனால் மிருகத்துக்கு நம் வாடை தெரியாது. காற்றைப் பிழையாகச் சொன்னால் எல்லாமே பிழையாகும். பதினோரு வருஷம் அந்தக் கேள்வி என்னிடம் மட்டும்தான் வந்தது. சம்பளம் கூடாவிட்டாலும் பரவாயில்லை, அந்தக் கேள்வி போதும் என்று இருந்தேன்.

பிறகு மஹ்ரூப் வந்தான்.

கலேவெலப் பக்கத்து முஸ்லிம் ஆள். என்னைவிட நாலு வயது இளையவன். அவனுடைய வாப்பா காட்டோரக் கிராமங்களில் தேனும், கூந்தல்பனைச் சாற்றைக் காய்ச்சிய கித்துள் பாணியும் வாங்கி விற்றவர். வாப்பாவோடு திரிந்து திரிந்து காடு அவனுக்கு வீடு மாதிரி. நாட்கூலியாகச் சேர்ந்தான். காக்கி கிடையாது, கைலிச் சாரமும் ரப்பர் செருப்பும்தான். இவன் என்ன செய்துவிடப் போகிறான் என்று முதல் வாரம் நானே அவனுக்குப் பிளேன்டீ வாங்கிக் கொடுத்துப் பேசிக்கொண்டிருந்தேன். அந்தக் கடையில் உட்கார்ந்துதான், பெருமை பீற்றிக்கொள்ள, மூட்டக் கதையை அவனுக்குச் சொன்னேன்.

அது எங்கள் தோட்டத்துக் கதை. வில்கமுவயிலிருந்து மேற்கே பார்த்தால் ரிவர்ஸ்டன் மலை தெரியும். பின்நேரங்களில் அதன் தலையில் மேக மூட்டம் சும்மா உட்கார்ந்திருக்கும். அதற்குப் பயமில்லை. ஆனால் சில நாள் அந்த மூட்டம், பால் பொங்கிச் சட்டியில் வழிகிற மாதிரி, மலையின் இந்தப் பக்கமாக வழியத் தொடங்கும். அப்படி வழிந்தால் கொழுந்தைத் தராசில் ஒரு தடவை நிறுத்து முடிக்கிற நேரத்துக்குள் கீழே காற்றுத் தலைகீழாகத் திரும்பிவிடும். குளிர்ந்த காற்று மேற்கிலிருந்து வந்து முதுகில் அடிக்கும், பின்னாலேயே மழை. எங்கள் அம்மாமார் அதைப் பார்த்துத்தான் கொழுந்துச் சாக்கைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். மஹ்ரூப் வாயைப் பிளந்து கேட்டான். "அண்ணே, இது எங்கட ஊருல எவனுக்கும் தெரியாது" என்றான். எனக்கு அன்றைக்கு அவனை மிகவும் பிடித்திருந்தது.

ஒரு மாதத்தில் என் வயிறு எரியத் தொடங்கிவிட்டது. அவன் தீப்பெட்டிக்குள் இலவம் பஞ்சு வைத்திருந்தான். ஒரு துளி எடுத்து ஊதிவிடுவான். அது மிதந்து மிதந்து நாற்பது ஐம்பது அடி போகும், நடுவில் காற்று எங்கே வளைகிறது என்பதையும் காட்டும். என் சாம்பல் என் மூக்கு வரைக்கும்தான் காட்டும். பார்த்த உடனே அவனுடையது நல்லது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. "பஞ்சு மரத்துல மாட்டிக்கும்" என்று மட்டும் சொன்னேன். வீட்டில் சம்சாரத்திடம் புலம்பினேன். "அப்ப நீங்களும் பஞ்சு வச்சுக்கங்களேன்" என்றாள். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

அப்புறம் ஒரு காலை. ஜீப் நின்றது. மாத்தயா தொப்பியைச் சரிசெய்தார். நான் பையின் முடிச்சை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டேன். அவர் திரும்பினார். "மஹ்ரூப், ஹுலங்க கொஹொமத?" என்றார்.

அவர் ஒன்றும் நினைத்துக் கேட்கவில்லை. பஞ்சு நன்றாகக் காட்டுகிறது, அவனைக் கேட்டார். ஆனால் அவிழ்த்த பையோடு ஜீப்பில் உட்கார்ந்திருந்த எனக்கு, யாரோ என் சட்டையைக் கழற்றி அவனுக்குப் போட்டுவிட்ட மாதிரி இருந்தது. அன்று முழுக்க எனக்கு ஒரு அடியும் கண்ணில் படவில்லை.

எங்கள் வேலையில் எழுதாத மரியாதை ஒன்று அப்போது இருந்தது. ஒரு அடையாளத்தை யார் கண்டானோ அவன்தான் அதை மாத்தயாவிடம் சொல்ல வேண்டும். யாரிடமிருந்து கற்றோமோ அவர் பக்கத்தில் நின்றால் அவர் சொல்லும்வரை பொறுக்க வேண்டும். முந்திக்கொண்டு சொல்வது திருட்டுக்குச் சமம். மஹ்ரூப் புதியவன், அது அவனுக்குத் தெரியாது. ஒரு பின்நேரம் யானைக்கூட்டம் ஒன்றைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அவன் மேற்கே கையை நீட்டி, "மாத்தயா, மூட்டம் வழியுது, காத்துத் திரும்பப் போகுது, நாம இறங்குவோம்" என்றான். நானும் அதைப் பார்த்துவிட்டேன். சொல்ல வாயெடுப்பதற்குள் முந்திவிட்டான். அவன் சொன்னபடியே காற்றுத் திரும்பியது. மாத்தயா அவன் தோளில் தட்டி, "ஷா! நல்ல கண்ணுடா உனக்கு" என்றார்.

அன்று கடையில் வைத்து, நாலு பேர் பார்க்க, அவனை நான் கிழித்துவிட்டேன்.

"நான் சொல்லித் தந்தத என் முன்னாலயே ஒன் சரக்கு மாதிரி விக்கிறியா? வெக்கமா இல்ல? அது எங்க மலை. எங்க ஆத்தா அப்பன் மழையில நனைஞ்சு கண்டுபிடிச்சது. இனிமே அந்த மலையப் பத்தி நீ வாயத் தொறக்கக் கூடாது, வெளங்குதா?"

அவன் முகம் சிவந்தது. தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தான். "பிழைதான் அண்ணே. இனித் தொறக்க மாட்டேன். மாப்பு" என்றான். அத்தோடு எழுந்து போய்விட்டான். நான் ஜெயித்த சந்தோஷத்தில் இன்னொரு பிளேன்டீ சொன்னேன்.

இனி கரடிக்கு வருகிறேன்.

அது கெட்ட காலம். எண்பதுகளின் கடைசி, அரசாங்கத்துக்கு எதிராகக் கிளர்ச்சி நடந்த நேரம். கிளர்ச்சிக்காரர்கள் ஊர்களில் துவக்குகளை, அதாவது துப்பாக்கிகளை, பறித்துக்கொண்டு போகிறார்கள் என்று எங்கள் துவக்குகளையும் பொலிஸில் ஒப்படைக்கச் சொல்லிவிட்டார்கள். காட்டுக்குள் போகிற எங்கள் கையில் யானை வெடி மட்டும்தான். பொழுது சாய்ந்த பிறகு ரோட்டில் நின்றால் ஒரு பக்கத்தார் சுடாவிட்டால் மறு பக்கத்தார் சுடுவார்கள். ஆறு மணிக்கு ஊரடங்கு. அதனால் கரடிக்காக இருட்டில் பரண் கட்டிக் காத்திருக்கிற பேச்சே கிடையாது, பகலோடு வேலையை முடிக்க வேண்டும்.

ஒரு கரடி கழுத்தில் சுருக்குக் கம்பியோடு திரிந்தது. பன்றிக்கு யாரோ கட்டிய கம்பி. சதைக்குள் இறங்கிச் சீழ் வைத்து, வேதனையில் அது பகலிலேயே, காடு வெட்டிப் பயிரிட்ட சேனைகளுக்குள் வந்தது. சோளம் பார்க்கப் போன ஒரு குடியேற்றக்காரரின் முகத்தைப் பிய்த்துவிட்டது. ஊர்க்காரர்கள் மாத்தயாவிடம் வந்து நேராகவே சொன்னார்கள்: "வெள்ளிக்கிழமை விடியும் வரைக்கும் பார்ப்போம். அதற்குள் நீங்கள் பிடிக்காவிட்டால் பலாப்பழத்துக்குள் பூச்சிமருந்து வைப்போம்." அப்படி வைத்தால் கரடி மட்டுமா சாகும்? மாத்தயா ஒரு மிருக வைத்தியரை வரவழைத்தார். திட்டம் இதுதான்: இரை வைத்துக் கரடியை வரவழைத்து, மயக்க ஊசி அடித்து, கம்பியை வெட்டிவிட்டு, உள்காட்டில் விடுவது. ஊசித் துவக்குச் சரியாக அடிக்க வேண்டுமானால் கரடி இருபத்தைந்து அடிக்குள், ஓரிடத்தில் அசையாமல் நிற்க வேண்டும்.

இரை வைப்பது என் பொறுப்பு. நல்ல பழுத்த பலாப்பழத்தைப் பிளந்து வைத்தேன். திங்கட்கிழமை பன்றி தின்றுவிட்டது. செவ்வாய்க்கிழமை கரடி வந்தது. ஒரே கவ்வாகக் கவ்விக்கொண்டு புதர்ப் பற்றைக்குள் ஓடிவிட்டது. டொக்டருக்குத் துவக்கைத் தூக்கக்கூட நேரமில்லை.

புதன்கிழமை காலையில் மஹ்ரூப் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான். "மாத்தயா, தூக்கிட்டுப் போற சாமான வச்சா தூக்கிட்டுத்தான் போகும். தூக்க ஏலாத சாமான வைப்போமா?" என்றான். ஒரு பழைய கறையான் புற்றைக் காட்டினான். அதில் கை முழுக்க உள்ளே போகிற மாதிரி ஓட்டை போட்டு, அடியில் கித்துள் பாணியைப் பூசி வைப்போம் என்றான். கரடி மூஞ்சியை உள்ளே விட்டு உறிஞ்ச வேண்டும். பத்து நிமிஷம் நகராது. மூக்கும் கண்ணும் புற்றுக்குள் இருக்கும்.

மாத்தயா விழுந்து விழுந்து சிரித்தார். டொக்டர் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் எனக்கு அப்படியே பற்றி எரிந்தது. பதினோரு வருஷமாகப் பலாப்பழம் பலாப்பழம் என்று இருந்த எனக்கு ஏன் இது தோன்றவில்லை? இவனுக்கு மட்டும் எப்படித் தோன்றுகிறது? அந்தப் பாணிப் போத்தல் உடைந்து போகட்டும் என்று மனதார நினைத்தேன். உடையவில்லை. அன்று கரடி வந்து எட்டு நிமிஷம் நின்று உறிஞ்சியது. டொக்டரின் ஊசிதான் ஒரு கொப்பில் பட்டு விழுந்தது. நாளைக்கு நிச்சயம் என்றார்.

வியாழக்கிழமை. கடைசி நாள் அதுதான்.

மூன்று மணிக்கு இடத்துக்குப் போய்விட்டோம். புற்று ஆற்றுப் பக்கம், அதாவது கிழக்கே. மாத்தயாவும் டொக்டரும் மேற்கே ஒரு பாலை மரத்தில் கட்டிய பரண் தட்டில். ஊசி பட்ட பிறகு கரடி எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கத் தரையில் இரண்டு பேர் வேண்டும். வலப்பக்கப் பாறைக்குப் பின்னால் மஹ்ரூப், இடப்பக்கம் ஒரு விழுந்த மரத்துக்குப் பின்னால் நான். மஹ்ரூப்புக்கும் புற்றுக்கும் நடுவில் இருபது எட்டு வைக்கிற தூரம்தான் இருக்கும்.

தட்டில் ஏறும் முன் மாத்தயா தொப்பியைச் சரிசெய்தார். "மஹ்ரூப், ஹுலங்க கொஹொமத?"

அவன் பஞ்சை ஊதினான். பஞ்சு எங்களை நோக்கி மிதந்து வந்தது. "ஆத்துப் பக்கமிருந்து மாத்தயா. நல்லா ஈக்குது." காற்று நன்றாக இருக்கிறதாம். மாத்தயா என் பக்கம் திரும்பவே இல்லை.

நாலேகால் இருக்கும். கரடி பற்றையை விலக்கிக்கொண்டு வந்தது. கழுத்தைச் சுற்றி ரோமம் விழுந்து, கம்பி தெரிந்தது. நேராகப் புற்றுக்குப் போய்த் தலையை உள்ளே விட்டது. உறிஞ்சுகிற சத்தம் எனக்கே கேட்டது. நான் எதேச்சையாகத் திரும்பி மேற்கே பார்த்தேன்.

மூட்டம் வழிந்துகொண்டிருந்தது.

வழியத் தொடங்கி நல்ல நேரம் ஆகியிருந்தது. பாதி மலையைக் காணவில்லை. இன்னும் இரண்டு மூன்று நிமிஷம், அதற்குமேல் இல்லை. காற்றுத் திரும்பினால் எங்கள் நாலு பேர் வாடையும் நேரே கரடியின் மூக்குக்குப் போகும். எனக்கு ஒரு சின்ன விசில் போதும். மரங்கொத்தி மாதிரி இரண்டு தட்டுத் தட்டினால் 'நிறுத்து, ஒதுங்கு' என்று எங்களுக்குள் அர்த்தம். மாத்தயா உடனே முடிவெடுத்திருப்பார். மஹ்ரூப் பாறைக்கு மேல் ஏறியிருப்பான்.

கையில் குச்சியும் எடுத்துவிட்டேன். அப்போது என்ன நினைத்தேன் என்று உள்ளபடியே எழுதுகிறேன், வாசித்துவிட்டு என்னைத் திட்டுங்கள். நல்லா ஈக்குது என்று அவன்தானே சொன்னான், அவனையே கேட்கட்டும், ஒரே ஒரு தடவை அவன் சொன்னது பிழையாகட்டும். கரடி ஓடிவிடும், அவ்வளவுதானே? மாத்தயா தட்டிலிருந்து இறங்கி, "ராசு, நீ சொல்லியிருக்கலாமே" என்பார். அந்த ஒரு வார்த்தைக்காக நான் குச்சியைக் கீழே வைத்தேன்.

மஹ்ரூப் பாறைக்குப் பின்னாலிருந்து கரடியைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணை எடுக்கவில்லை. 'பாத்தீங்களா, என் பாணி எப்படி வேலை செய்யுது' என்று பெருமை காட்டுகிறான் என நினைத்து, நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

குளிர்ந்த காற்று என் பிடரியில் அடித்தது. கரடி தலையை வெளியே இழுத்தது. பின்னங்காலில் எழுந்து நின்று மூக்கைத் தூக்கியது. டொக்டரின் ஊசி அதன் தோளில் பட்ட சத்தம் கேட்டது. ஆனால் மருந்து ஏற எட்டுப் பத்து நிமிஷம் வேண்டுமே! நல்ல கரடியாக இருந்தால் ஓடியிருக்கும். இது புண்பட்ட கரடி. மனுஷ வாடை என்றாலே அதற்குக் கம்பிதான். ஒரு கத்துக் கத்திவிட்டுப் பாறையை நோக்கிப் பாய்ந்தது.

நான் வெடியைப் பற்ற வைத்து வீசிக்கொண்டே ஓடினேன். மாத்தயா வெறுங்கையோடு தட்டிலிருந்து குதித்தார். வெடி வெடித்தது, கரடி பற்றைக்குள் போய்விட்டது. மஹ்ரூப் பாறையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். இடது பக்க முகம் இல்லை. எனக்கு வேறு வார்த்தை தெரியவில்லை. அவன் சாரத்தை அவிழ்த்து அவன் முகத்தில் அழுத்தினேன். மழை கொட்டத் தொடங்கியது.

அதே மழையில் இருநூறு அடி தள்ளிக் கரடி மயங்கி விழுந்தது. ஜீப் ஒன்றுதான். ஊரடங்குக்கு ஒன்றேகால் மணி நேரம். டொக்டர் மாத்தயாவைப் பார்த்தார். அந்தச் சாரத்துக்குள்ளிருந்து மஹ்ரூப்பின் குரல் வந்தது: "கம்பிய வெட்டிட்டு வாங்க மாத்தயா. நான் தாங்குவேன்."

கேட்டீர்களா? அந்த நேரத்திலும் அவன்தான் பெரியவனாக இருந்தான். அந்த நேரத்திலும், ரத்தம் என் முழங்கை வரைக்கும் வழியும்போது, எனக்குச் சுருக்கென்றது. இவனால் எப்படி முடிகிறது என்று. பொறாமை பிடித்தவனுக்கு நேரம் காலம் கிடையாது பிள்ளைகளே.

மாத்தயா ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. "ராசு, இவனைக் கொண்டு போ. ஜீப்பை எங்கும் நிறுத்த விடாதே. நாங்கள் நடந்து வருகிறோம்" என்றார். ஊரடங்கு நேரத்தில் அந்த ரோட்டில் நடந்து வருவதென்றால் என்னவென்று அவருக்கும் தெரியும், டொக்டருக்கும் தெரியும். மழையில் இருந்து கம்பியை வெட்டி, கரடி எழுந்து போகும்வரை பார்த்துவிட்டுத்தான் வந்தார்கள். நல்ல வேளையாக உயிரோடு வந்து சேர்ந்தார்கள்.

ரோட்டில் ஜீப்போடு நின்ற டிரைவர் ஓட்ட, மஹ்ரூப்பின் தலையை நான் மடியில் வைத்துக்கொண்டேன். வழியில் இராணுவம் மறித்தது. என் அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர், மடியில் ரத்தக்களறி. "கரடி, சேர், கரடி" என்று சிங்களத்தில் கத்தினேன். டோர்ச் அடித்துப் பார்த்த ஆமிக்காரன் முகத்தைத் திருப்பிக்கொண்டு விட்டுவிட்டான். ஆஸ்பத்திரி வரைக்கும் மஹ்ரூப் என் கையை விடவில்லை. எனக்கு அதை உதறிவிட்டு ஜீப்பிலிருந்து குதித்துவிடலாம் போலிருந்தது.

உயிர் தப்பினான். இடது கண் போய்விட்டது. மூன்று வாரம் நான் ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை. மாத்தயா மட்டும் வாரத்துக்கு இரண்டு தடவை போய் அவன் பக்கத்தில் உட்காருவார் என்று கேள்விப்பட்டு, அதற்கும் எரிந்தேன் என்றால் நம்புவீர்களா? கடைசியில் சம்சாரம்தான் ஒரு வாழைச்சீப்பைக் கையில் திணித்து, "போங்க, போயிப் பேசுங்க. ராத்திரியில மூட்டம் மூட்டம்னு ஒளறுறீங்க" என்று பஸ் ஏற்றிவிட்டாள்.

அவன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். கட்டுக்கு வெளியே ஒரு கண். சுகம் விசாரிக்காமல் நேரே சொல்லிவிட்டேன்.

"மூட்டம் வழிஞ்சத நான் பாத்தேன் மஹ்ரூப். காத்துத் திரும்பும்னு தெரியும். நீ சொன்னது ஒரு தடவையாச்சும் பிழையாப் போகணும்னு சும்மா இருந்துட்டேன்."

அவன் வாழைச்சீப்பை என் கையிலிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டான்.

"நானும் பாத்தேன் அண்ணே" என்றான்.

"அப்ப ஏன்டா சொல்லல? ஒன் உசிருடா அது!"

"அந்த மலையப் பத்தி வாயத் தொறக்க வேணாம் எண்டு சொன்னீங்க. நானும் சரி எண்டு சொன்னேனே." மூச்சு வாங்கினான். "ஒங்களயே பாத்துக்கிட்டு இருந்தேன். இப்பச் சொல்லுவாரு, இப்பச் சொல்லுவாரு எண்டு. கையில குச்சி எடுத்ததையும் கண்டேன். சரி, தட்டப் போறாரு எண்டு நெனச்சேன்."

அந்தக் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன். நர்ஸ் வந்து அதட்டினாள்.

அங்கிருந்து நேரே மாத்தயாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போகட்டும் என்றுதான் போனேன். அவர் சிகரெட்டைப் பற்ற வைத்தார், குடிக்கவில்லை, அது கையிலேயே எரிந்து முடிந்தது. "உன்மேல் என்ன எழுதுவது? பார்த்தான், சொல்லவில்லை என்றா?" என்று கேட்டார். பிறகு, "நான் ஒரு ஆளை மட்டும் கேட்டேன். கேட்கப்படாத ஆள் பேச மாட்டான் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்" என்றார். பழியிலும் எனக்கு முழுப் பங்கு தரவில்லை அந்த மனுஷன்.

அடுத்த நாள் காலையில் எங்களை வரிசையாக நிற்க வைத்தார். இனிமேல் காட்டில் இறங்கும் முன்னும், இரை வைத்து உட்காரும் முன்னும், எல்லோரும் பார்த்ததைச் சொல்ல வேண்டும். யார் கண்டது, யாருக்கு யார் சொல்லித் தந்தது என்ற பேச்சே கூடாது. கடைசியாக வந்தவன் முதலில். ஏனென்றால் மூத்தவன் வாயைத் திறந்துவிட்டால் புதியவன் அப்புறம் திறக்க மாட்டான். தங்கச்சி, நீ கேட்டாயே, உன் வழக்கம் வந்த கதை இதுதான். உனக்கு ஒன்றும் தெரியாது என்றாய். தெரியத் தேவையில்லை, கண்ணில் பட்டதைச் சொன்னால் போதும். உனக்குச் சொல்லித் தந்தவர் பக்கத்தில் நின்று முறைத்தாலும் சொல்.

நாலு மாதம் கழித்து மஹ்ரூப் ஒற்றைக் கண்ணோடு வேலைக்குத் திரும்பினான். அவனை நிரந்தரமாக்கி காக்கியும் கொடுத்தார்கள். அதைப் பார்த்தும் எனக்கு லேசாக எரிந்தது, மறைக்க மாட்டேன். வரிசையில் அவன் எனக்கு முன்னால் நிற்பான். அவன் முறை வந்தால் பஞ்சை ஊதுவான், காற்றைச் சொல்வான், வாடையைச் சொல்வான், எந்தப் பற்றையில் குருவி கிளம்பியது என்பது வரைக்கும் சொல்வான். எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கடைசியில், "மலைய அண்ணே சொல்லுவாரு" என்பான்.

"நீயே சொல்லேன்டா, ஒன் கால்ல விழுறேன்" என்று எத்தனையோ தடவை கெஞ்சினேன். சிரிப்பான். "அது ஒங்கட மலை அண்ணே" என்பான். மரியாதைக்குச் சொன்னானா, என்னைத் தண்டித்தானா, இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. நான் ஓய்வு பெறும்வரை ஒரு நாள் தவறவில்லை. ஒவ்வொரு நாளும் அவன் அதைச் சொன்ன உடனே வரிசை முழுக்க என் பக்கம் திரும்பும். நான் ரிவர்ஸ்டனைப் பார்ப்பேன். மாத்தயா தொப்பியைச் சரிசெய்துகொண்டு, நான் ஆசைப்பட்ட மாதிரியே, என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார்.